கையில் கட்டும் நாலு வரி

இன்சுலின் போட ஆரம்பித்து எனக்கு 31 வருஷம் ஆகிறது. முதல் 9 வருஷம் கையில் எந்த அடையாளமும் கட்டியதில்லை. கட்ட வைத்தது மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம்.

திருச்சி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மதியம் ஊசியைப் போட்டுவிட்டு, அவசரத்தில் அரைச் சாப்பாட்டோடு எழுந்து வந்திருந்தேன். வியர்வை கொட்டியது. பெஞ்சில் உட்காரப் போனவள் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "பொம்பளைங்களும் குடிக்க ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லை. இன்னொருவர் வலிப்பு என்றே முடிவுகட்டி என் உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அடுத்து வந்த பழக்கடை அம்மா என் பையைத் துழாவி, ஊசியையும் மருந்துக் குப்பியையும் எடுத்துப் பார்த்தார். "சுகர்காரம்மா போலிருக்கு. யாரும் இனிப்பு கினிப்பு கொடுத்துடாதீங்க" என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது இனிப்பு ஒன்றுதான். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கரும்புச்சாறு வாங்கிக் குடிக்க வைத்தாள். அப்போது 108 வண்டி கிடையாது. தமிழ்நாட்டுக்கு அது 2008-ல்தான் வந்தது.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. நோய் விவரம் பொறித்த மெடிக்கல் ஐடி தகட்டைக் கையில் கட்டியவர்களை நான் நேரில் பார்த்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் வீட்டுத் திண்ணையில் டோக்கனோடு காத்திருக்கும்போது புதிதாக ஊசி ஆரம்பித்தவர்கள் என் கையைப் பார்த்து, "இது எங்கேம்மா வாங்குனீங்க?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

1. முதலில், இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்.

சர்க்கரை நோய் என்று சீட்டில் எழுதிவிட்டதாலேயே எல்லோரும் இன்றைக்கே தகடு தேடி ஓட வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். கிளிமிப்பிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அவற்றைச் சாப்பிடுகிறவருக்கும் வேண்டும். நம் ஊரில் பலருக்கு மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இவை வரும். தனக்கு எது வருகிறது என்றே தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் மருந்துக்கடைத் தம்பியிடம் கேளுங்கள்.

மீட்டரில் சர்க்கரை 70-க்குக் கீழே வந்தால் லோ. 54-க்கும் கீழே போனால் மூளைக்குச் சர்க்கரை போதாமல் பேச்சு, நடை, புத்தி எல்லாம் தடுமாறும். பல வருஷம் ஆன என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு கஷ்டம்: நடுக்கம், படபடப்பு என்று முன்னால் வந்து கதவைத் தட்டுகிற அறிகுறிகளே மங்கிப்போகும். சொல்லாமல் கொள்ளாமல் இறங்கும். தனியாக வாழ்கிறவர், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், கிட்னி பலவீனமானவர் எல்லாம் யோசித்துக்கொண்டிருக்கவே வேண்டாம்.

2. படிக்கப் போகிறவர் யார் என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

தபால் ஆபீஸ் கவுன்டரில் 33 வருஷம் உட்கார்ந்தவள் நான். முகவரி எழுதுகிறவர்கள் பலருக்குப் புரியாத ஒன்று உண்டு. முகவரி, கடிதம் பெறுகிறவருக்காக எழுதப்படுவதில்லை. அவருக்குத் தன் வீடு தெரியும். அதைப் படிக்கப் போகிறவர் வெயிலில் சைக்கிளில் வருகிற, அந்தத் தெருவுக்குப் புதிதான தபால்காரர். இந்தத் தகடும் அப்படித்தான். உங்களுக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிய வேண்டியது ரோட்டில் குனிந்து பார்க்கிற ஒரு டீ மாஸ்டருக்கு, ஆட்டோக்காரருக்கு, பிறகு ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு. அழகு, விலை, மெட்டல் எல்லாவற்றையும் அந்த ஆள் கண்ணால் பாருங்கள். கீழே நான் சொல்லப்போகிற அத்தனையும் இதிலிருந்து வந்ததுதான்.

3. வெறும் "சர்க்கரை நோய்" என்று பொறித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

பழக்கடை அம்மாவை மறக்காதீர்கள். நம் ஜனங்களுக்குச் சர்க்கரை நோய் என்றதும் முதலில் ஞாபகம் வருவது "இனிப்பு ஆகாது". கையில் பெரிதாக அந்த இரண்டு வார்த்தையை மட்டும் கட்டிக்கொண்டு விழுந்தால், உங்கள் வாய்க்கு வரவேண்டிய கரும்புச்சாற்றை நீங்களே தடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் முதல் தகட்டில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். இரண்டாவதை எழுத உட்கார்ந்தபோது கைகொடுத்தது பழைய தந்தி அனுபவம். வார்த்தைக்கு இவ்வளவு என்று பென்சிலால் எண்ணிக் காசு வாங்கிய கை இது. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தினார்கள். அந்தப் புத்தி மட்டும் நிற்கவில்லை. அடித்துத் திருத்திக் கடைசியில் நின்றது இது:

இன்சுலின் போடுபவர்
தடுமாறினால் சர்க்கரை கொடுங்கள்
மயங்கினால் வாயில் எதுவும் வேண்டாம் – 108
மகள்: (அவள் கைபேசி எண்)

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. நினைவோடு தடுமாறுகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அதாவது 15 கிராம் அளவுக்கு, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையாவது ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நம் ஊரில் மயங்கினவரைக் கண்டால் சோடாவை உடைத்து வாயில் ஊற்றாமல் கை சும்மா இருக்காது. அதனால்தான் மூன்றாவது வரி.

பின்பக்கம் இங்கிலீஷில் இருக்கட்டும். அது ஆம்புலன்ஸ்காரருக்கும் ஆஸ்பத்திரிக்கும், வெளி மாநிலம் போனால் அங்கே இருப்பவருக்கும். உங்கள் பெயர், டைப் 1 அல்லது டைப் 2 டயாபடீஸ், ஆன் இன்சுலின், அப்புறம் ஒவ்வாமை. எனக்குப் பெனிசிலின் ஆகாது, அதைப் போட்டிருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் சேர்க்க வேண்டும். டைப் 1 பிள்ளைகளுக்கு "டைப் 1" என்ற சொல் முதலில், பெரிதாக வர வேண்டும். வாந்தி, காய்ச்சல், ஆபரேஷன் என்று எதற்குப் படுத்தாலும் அவர்களுக்கு இன்சுலினை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறக்கூடும். அதைப் பொறிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. போடக் கூடாதவை.

எத்தனை யூனிட் என்று போடாதீர்கள்; அடுத்த மாதமே மாறும். வீட்டு முகவரி, ஆதார் எண் வேண்டவே வேண்டாம். உங்கள் சொந்த நம்பரைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். விழுந்து கிடப்பவரின் பைக்குள்ளேயே மணி அடித்து என்ன பிரயோஜனம்? தெரியாத நம்பர் என்றால் எடுக்காத மகனின் நம்பரும் வேண்டாம். வீட்டில் யார் உடனே எடுப்பாரோ அவர் நம்பர். வெளிநாடு போகிறவர்கள் முன்னால் 91 சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. பாம்புச் சின்னம் இருக்கட்டும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

இந்த நகை பிறந்த கதை சின்னது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டர்லாக் என்ற ஊரில் 1953-ல் லிண்டா காலின்ஸ் என்ற 14 வயதுப் பெண்ணுக்குக் காயத்துக்காக டெட்டனஸ் எதிர்மருந்து கொடுத்தபோது, அது ஒத்துக்கொள்ளாமல் உயிர் போய்த் திரும்பியது. அப்பா டாக்டர். இன்னொரு தடவை யாரோ தெரியாத்தனமாக அதையே போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், பெற்றோர் முதலில் காகிதத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வெள்ளியில் பிரேஸ்லெட் செய்து அதில் பொறித்தார்கள். 1956-ல் அதே ஊரில் மெடிக்அலர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஒரு கோலில் ஒற்றைப் பாம்பு சுற்றிய சின்னம் இந்த மாதிரி நகைகளில் பரவியது அதன் பிறகுதான். கிரேக்கர்களின் வைத்தியக் கடவுளான அஸ்கிலிபியஸின் கோல் அது. இரண்டு பாம்பும் இறக்கையும் வைத்துச் செய்து கொடுக்கிறார்கள் சில கடைகளில். அது வேறு கடவுளுடைய கோல்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அந்தச் சின்னம் தெரியும். தெருவில்? நான் கட்டிய முதல் வாரமே எதிர்வீட்டு அக்கா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டார்: "நாகதோஷத்துக்காம்மா? எந்தக் கோயில்ல கட்டுனது?" ராகு கேது பரிகாரம், தாயத்து, சாமி டாலர் என்று நம் உடம்பில் தொங்குபவை அநேகம். இன்னொரு பாம்பு யார் கண்ணையும் உறுத்தாது. சின்னத்தைச் சிவப்பு நிறத்தில் போட்டு, பக்கத்திலேயே எழுத்து தெரிகிற மாதிரி வாங்குங்கள். உருண்டையான டாலரைவிட நீளத் தகடுதான் "இதில் ஏதோ எழுதியிருக்கிறது" என்று காட்டிக்கொடுக்கும்.

6. மணிக்கட்டுதான் சரியான இடம்.

மயங்கினவரைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் நாடி பார்க்கக் கையைத்தான் பிடிப்பார்கள். கழுத்துச் செயினும் உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ளதுதான். ஆம்பளைகளுக்கு அது சரிப்படலாம், சட்டைப் பட்டனைத் தளர்த்தும்போது கண்ணில் படும். பெண்களுக்கு நான் சொல்ல மாட்டேன். தாலிச் சரடோடு சேர்த்துக் கோத்து ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டால், நடுரோட்டில் எந்த ஆண் அங்கே கை வைப்பார்? வைக்கத் துணிந்தாலும் சுற்றி நிற்கிறவர்கள் விடுவார்களா? அரைஞாணில் கோத்துக்கொண்ட பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பத்திரமாக இருக்கும் என்றார். பத்திரமாகத்தான் இருக்கும், வேட்டிக்குள்ளே.

காலில் வேண்டாம். நமக்குக் காலில் மரமரப்பு வந்தால் கம்பி உரசிப் புண்ணாவது தெரியாது. மோதிரமும் வேண்டாம், எழுத்துக்கு இடமில்லை, விரல் வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையில் எதையுமே கட்டக் கூடாது. மற்ற கைக்கு மாற்றுங்கள். தகடு கட்டும் கையில் காசிக் கயிறு, கறுப்புக் கயிறு, ஆறு வளையல் என்று அடுக்காதீர்கள். சாமி கோபித்துக்கொள்ளாது, கயிற்றை அடுத்த கைக்கு மாற்றிக் கட்டலாம்.

7. தங்கத்தில் செய்யாதீர்கள்.

"செய்யறதுதான் செய்யறோம், ஒரு பவுன்ல செஞ்சிடுவோமே" என்று தெற்காவணி மூல வீதிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என் வீட்டுக்காரர். செய்கூலி, சேதாரம் எல்லாம் கணக்குப் போட்டுக் கடைக்காரரும் தயாராகிவிட்டார். நான்தான் வெளியே வந்துவிட்டேன். செயின் அறுக்கிற ஊரில் மயங்கி விழப்போகிறவள் தங்கத்தைக் கட்டிக்கொண்டு விழ வேண்டுமா? திருடன் வராவிட்டாலும் நல்லவர்கள் இருக்கிறார்கள்: விழுந்தவர் உடம்பில் தங்கத்தைப் பார்த்ததும் முதல் வேலையாகக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பத்திரமாக வைப்பார்கள். படிப்பதற்கு முன்பே தகடு முடிச்சுக்குள் போய்விடும்.

வெள்ளி பார்க்க அழகு. கறுத்துப்போகும், மெத்தென்ற உலோகமாதலால் எழுத்தும் தேயும். வாரம் ஒருமுறை துலக்கும் பொறுமை இருந்தால் சரி. கவரிங் வேண்டாம், பூச்சு போனதும் அடியில் இருக்கிற நிக்கல் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும், நமக்குச் சொறிந்த இடம் சீக்கிரத்தில் ஆறாது. சர்ஜிக்கல் ஸ்டீல் என்று 316 எல் ரகத்தில் கிடைப்பதுதான் என் தேர்வு: துருப்பிடிக்காது, குளிக்கலாம், சமைக்கலாம். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது, கொஞ்சம் விலை கூட. குழந்தைகளுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் சிலிக்கான் பட்டை தோது. அடியில் வியர்வை தேங்காமல் தினம் கழுவித் துடைக்க வேண்டும்.

8. பேர் வெட்டுகிறவரிடம் போகலாம்.

ஆன்லைனில் லேசரில் பொறித்து அனுப்புகிறார்கள். இங்கிலீஷ் எழுத்து நன்றாக வருகிறது. தமிழில் கேட்டால் சில இடத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் பிரிந்து வந்து நிற்கும். வெறும் தகடாக வாங்கி, வெண்கலக்கடைத் தெருப் பக்கம் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுக்கிறவரிடம் கொண்டுபோனேன் நான். சீர்வரிசைக் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே கேட்டார்:

"அன்பளிப்பு யாரு?"

"அன்பளிப்பு இல்லப்பா, இது எனக்கு."

சீட்டை வாங்கிப் படித்தார். மிஷினை நிறுத்தினார். தகட்டைக் கட்டை விரலால் அளந்து பார்த்துவிட்டு, "இவ்வளவும் ஏறாதும்மா. 'போடுபவர்' இருக்கட்டும். 'வாயில் எதுவும் வேண்டாம்' வேணுமா?" என்றார். வேண்டும் என்றேன். அகலமான தகடு கொண்டுவரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன். ஊசி நடுங்கி நடுங்கிப் புள்ளி புள்ளியாக எழுத்தை எழுப்பியது. கடைசி வரி வந்ததும் அவராகவே மிஷினை அணைத்துவிட்டு, நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். "குடத்துல தப்பு வந்தா அழிச்சிடலாம். இதுல வரக் கூடாது." அவருடைய அம்மாவும் ஊசி போடுகிறவராம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது: எழுத்து ஆழமாக இருக்க வேண்டும். மேலே அச்சடித்தது, பெயின்ட் எல்லாம் ஆறு மாதம் தாங்காது. நகத்தால் தடவினால் எழுத்து தட்டுப்பட வேண்டும். கண்ணாடியில்லாமல் கை நீட்டுகிற தூரத்தில் படிக்க முடியவேண்டும். தமிழ் எழுத்துக்கு இங்கிலீஷைவிட இடம் கூட வேண்டும், அதனால் தகட்டை அகலமாகவே தேர்ந்தெடுங்கள்.

9. கொக்கியைக் கடையிலேயே சோதியுங்கள்.

ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பல வருஷச் சர்க்கரையில் விரல் மூட்டு இறுகிப் போனவர்களுக்குச் சின்ன கொக்கி சரிவராது. எலாஸ்டிக் பட்டையோ வாட்ச் பக்கிளோ பாருங்கள். எஸ் கொக்கி சேலை நூலில் மாட்டி நழுவும். கழற்றவே முடியாதபடி பத்தவைத்துவிடவும் கூடாது. ஸ்கேன் அறையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கழற்றித்தான் ஆக வேண்டும். கைக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடம் போதும். வீக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு விரல்.

10. க்யூஆர் கோடு, போன்.

கூடுதலாக இருக்கட்டும். தெருவில் ஸ்கேன் செய்து, ஆப் திறந்து, நெட் வரும்வரை யார் நிற்பார்? சந்தா கட்ட மறந்தால் பக்கமே திறக்காத சேவைகளும் உண்டு. உங்கள் போனின் பூட்டுத் திரையிலேயே அவசரத் தகவல் தெரிகிற வசதி இருக்கிறது; பேரனிடம் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் போட்டுத் தருவான்.

11. கல்யாண வீட்டிலும் கழற்றாதீர்கள்.

இதை எழுத எனக்கு வெட்கம்தான். தங்கை மகன் கல்யாணம். பட்டுச் சேலை, கை நிறைய வளையல். இரும்பு மாதிரி இது எதற்கு என்று தகட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்கு நேரமாகிவிட்டது என்று ஊசியைப் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிற பழைய ரக இன்சுலின். கீழே இறங்கிப் பார்த்தால் முதல் பந்தி நிறைந்துவிட்டது. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்காரர் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சம்பந்தி வீட்டார் முன்னால் "எனக்கு இடம் விடுங்கள்" என்று சொல்லக் கூச்சம். இரண்டாம் பந்தியிலும் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுத்தேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது மாப்பிள்ளை அறையில் படுத்திருந்தேன்; பக்கத்தில் யாரோ "வயசுல பிரஷர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஓடி வந்து சொன்ன பிறகுதான் அங்கே யாருக்கும் சர்க்கரை என்று தோன்றியிருக்கிறது. தங்க வளையல் பன்னிரண்டும் பத்திரமாகக் கழற்றி ஒரு பையில் போடப்பட்டிருந்தன.

இலை போட்டுச் சோறு கண்ணில் பட்ட பிறகுதான் ஊசி என்பது அன்றைக்குக் கற்றது. தகட்டை அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலும், வருஷத்துக்கு ஒருமுறை துடைக்கும்போதும் தவிரக் கழற்றியதில்லை. குளிக்கக் கழற்றினால் அது பாத்ரூம் ஜன்னலிலேயே நாலு நாள் கிடக்கும்.

12. பிள்ளைகளுக்கு வாங்கும்போது பிள்ளையிடம் கேளுங்கள்.

நிறத்தை அது தேர்ந்தெடுக்கட்டும். பள்ளியில் "நகை போடக் கூடாது" என்று சொன்னால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். வகுப்பு ஆசிரியரோடு பி.டி. மாஸ்டருக்கும் ஒரு நகல். மைதானத்தில்தான் லோ அதிகம் வரும். குழந்தையின் பெயரை வெளிப்பக்கம் போடாதீர்கள், உள்பக்கம் போடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முன்பின் தெரியாத ஆளோடு குழந்தை போய்விடும்.

கல்யாண வயதுப் பெண்கள் விஷயம் வேறு. ஊசி போடுவதைச் சித்திக்குக்கூடச் சொல்லாத வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஒரு பெண். 11 வயதிலிருந்து டைப் 1. சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறாள். "வரன் பார்க்கிற நேரத்தில் அவள் கையில் போய் இதைக் கட்டுவதா" என்று அவள் அம்மா என்னிடமே சண்டைக்கு வந்தாள். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தகட்டைக் கட்டச் சொல்வது சுலபம். அவள் பயப்படுகிற பேச்சுகளைக் கேட்கப்போகிறவள் நான் இல்லை. ஆனால் மறைத்துக் கட்டிக்கொடுத்த பிறகு, புகுந்த வீட்டுக் குளியலறையில் ஒளிந்து ஊசி போடுகிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நடுராத்திரி லோ வந்தால் பக்கத்தில் படுத்திருக்கிற புருஷனுக்கே தெரியாது. அந்தப் பெண் கடைசியில் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள்: வாட்ச் பட்டையில் கோத்துக்கொள்கிற சின்னத் தகடு, உள்பக்கம் எழுத்து. ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். என்னைக் கேட்டால் எழுத்து வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

13. தகட்டோடு சர்க்கரையும் இருக்கட்டும்.

பையில் குளுக்கோஸ் பொட்டலம். கடலைமிட்டாய், சாக்லேட் வேண்டாம். அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

14. வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

எனக்கு அது ஆயுத பூஜை. தையல் மிஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர் எல்லாம் துடைக்கும்போது குளுக்கோமீட்டரையும் தகட்டையும் எடுத்து வைத்துக்கொள்வேன். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். எழுத்து மங்கியிருக்கிறதா, மருந்து மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு தகட்டைப் பார்த்தே நம்பரை அழுத்தி மகளைக் கூப்பிடுவேன். எடுத்தால் பொட்டு வைத்துவிடுவேன். ஒரு வருஷம் எடுத்தது யாரோ சேலத்துக்காரர். அவள் நம்பரை மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தது.

15. கட்டிய மறுநாள் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

வீட்டு ஆளிடம் கொடுத்தால் பயனில்லை, அவர்களுக்கு எல்லாம் தெரியும். நான் முக்கு டீக்கடைக்குப் போனேன். கையை நீட்டி, "தம்பி, நான் இங்கே திடீர்னு கீழே உட்கார்ந்துட்டேன்னு வச்சுக்க. இதைப் படிச்சிட்டு என்ன செய்வே, சொல்லு" என்றேன். மாஸ்டர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, நாலு வரியையும் நிதானமாக வாசித்தார். ஒரு நிமிஷம் யோசித்தார்.

"டீயிலேயே போட்டுக் கொடுத்தா பரவாயில்லையாம்மா?"

"கொடு. நிறையச் சர்க்கரை போடு. ஆத்திக் கொடு."